மெல்ல இழுத்தால் பல்லும் நகரும்!

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்)



அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் ஊர்ப் பழமொழி. பல்லும் நகரும். ஆனால் அடித்து அல்ல, மெல்ல இழுத்து! அதுவும் எவ்வளவு மெல்ல என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். நம் சட்டைப் பையில் இருக்கிற செல்போனின் எடை ஏறக்குறைய 180, 200 கிராம் இருக்கும். அதைவிடக் குறைந்த விசையில், எலும்புக்குள் வேரூன்றி நிற்கும் ஒரு பல்லை 7 மில்லிமீட்டர் தூரம் நகர்த்திவிடுகிறார்கள் பல் சீரமைப்பு மருத்துவர்கள். அதே இடத்தில் அரைக் கிலோ விசை கொடுத்தால் பல் சட்டென்று நின்றுவிடலாம். என்ன, நம்ப முடியவில்லையா? 'விசை கூடினால் வேலை கூடும்' என்று படித்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பல்லோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கைக்கு இரண்டு வருஷமாகக் 'கிளிப்' போட்டுச் சிகிச்சை நடக்கிறது. மாதம் ஒரு முறை துணைக்குப் போகிறவன் நான். டாக்டர் பொறுமைசாலி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, நாம் மூன்றாம் செமஸ்டரில் மண்டையை உடைத்துக்கொண்ட 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடம் முழுவதும் அந்தச் சின்ன வாய்க்குள் நடப்பதாகத் தோன்றியது. பிறகு நூலகத்திலும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வகுப்பிலேயே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். எத்துப்பல், தெத்துப்பல் என்று கேலிக்குப் பயந்தவர்கள். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போது அவர்களில் சிலருக்கு அவசரம் வருகிறது. 'ரெண்டு சுத்து இறுக்கி விட்டா ஆறு மாசத்துல முடிஞ்சிடாதா மாப்ளே?' என்று என்னிடமே கேட்ட நண்பன் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

தங்கைக்கு நாலு பல் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் ஒரே களேபரம். 'சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்குறதா? கண்ணு போயிடும்டா!' என்று அப்பத்தா ஒரே பிடியாக நின்றது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் பார்வை கெடும் என்பது நம் பக்கத்தில் ரொம்பக் காலமாக இருக்கிற நம்பிக்கை. உண்மையில் பல்லின் வலியைச் சொல்கிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் பார்வைக்கு உரியது இரண்டாவது. பல்லுக்கு உரியது ஐந்தாவது. பல் எடுப்பதால் கண் கெடாது.

சரி, எதற்காக எடுக்கிறார்கள்? நாற்பது பேர் உட்காரும் பெஞ்சுகளில் ஐம்பது பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? சிலர் முன்னால் தள்ளி உட்காருவார்கள், சிலர் ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். தாடையில் இடம் குறைவாகவும் பற்கள் அகலமாகவும் இருந்தால் இதுதான் நடக்கிறது. நெரிசல் அதிகமாக இருந்தாலோ, இரண்டு தாடைப் பற்களும் முன்னால் தள்ளி உதடு மூட முடியாமல் இருந்தாலோ, கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களை, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கை எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பல்லும் ஏறக்குறைய 7 மி.மீ. இடம் தரும். அந்த இடத்துக்குள் கோரைப்பல்லும் முன்பற்களும் பின்னோக்கி நகர வேண்டும். எல்லோருக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே எடுத்து, அச்சு எடுத்து, அளந்து பார்த்தபிறகே முடிவு செய்கிறார்கள்.

இந்த விவாதம் நம் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. இத்துறையின் தந்தை எனப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லையும் இழக்காமல் சீரமைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1930-இல் அவர் மறைந்தபிறகு, அவருடைய மாணவர்களே அதை மாற்றினார்கள். ஒருவர் அமெரிக்காவின் சார்லஸ் ட்வீட். இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த பி.ஆர். பெக். இந்த பெக்தான் நம் கட்டுரையின் கதாநாயகர்.

எலும்புக்குள் பல் எப்படி நகரும்?

சுவரில் அறைந்த ஆணி போலப் பல் எலும்பில் இறுகி நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட வராத மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. அதற்குள் நார்கள், ரத்தக் குழாய்கள், திரவம் எல்லாம் உண்டு. பல் அதில் ஊஞ்சல் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம்.

வயலில் வரப்பை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மண்வெட்டியால் சீவுவார்கள். சீவிய மண்ணை மறுபக்கம் அணைப்பார்கள். வரப்பு அப்படியே இருக்கும். ஆனால் இடம் மாறியிருக்கும். தாடை எலும்பிலும் இதே வேலைதான். பல்லை ஒரு பக்கமாக மெல்ல அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் புது எலும்பை வைக்கும் செல்கள் வந்து வைக்கின்றன. முன்னால் பாதை வெட்டப்படுகிறது, பின்னால் சுவர் எழுகிறது, நடுவே பல் நடந்து போகிறது! மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்பதுதான் அதன் நடை வேகம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். முறுக்கைக் கடிக்கும்போது பல்லில் பல கிலோ விசை விழுகிறதே, அப்போதெல்லாம் பல் ஏன் நகரவில்லை? நானும் இதைக் கேட்டேன். கடிப்பது ஒரு நொடிக்கும் குறைவான வேலை. அந்த நேரத்துக்குள் சவ்வில் இருக்கும் திரவம் வெளியேற முடியாமல், பைக்கின் ஷாக் அப்சார்பர் போல நின்று தாங்கிவிடுகிறது. விசை தொடர்ந்து பல மணி நேரம் இருந்தால்தான் செல்களுக்குச் செய்தி போகும். ஆகவே பல்லை நகர்த்துவதில் விசையின் அளவைவிட அது விடாமல் நீடிப்பதே முக்கியம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சும்மாவா சொன்னார்கள்!

விசை கூடினால் வேலை நிற்பது ஏன்?

எலும்பைக் கரைக்கும் செல்கள் ரத்த ஓட்டத்தின் வழியாக வருகிறவை. அதாவது வேலையாட்கள் வருகிற ரோடு அந்தச் சவ்வில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள்தான். பல்லை ஓங்கி இழுத்தால் சவ்வு நசுங்கி அந்த ரோடு அடைபட்டுவிடும். வேலையாள் வரும் ரோட்டை மூடிவிட்டு, 'ஏன் வேலை நடக்கவில்லை?' என்று கேட்டால் எப்படி?

ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904-லேயே நாய்களின் பற்களை வைத்துச் சோதித்து, அதிக விசையில் சவ்வு உயிரற்றுப் போவதைப் பார்த்தார். 1932-இல் ஷ்வார்ஸ் என்ற ஆஸ்திரியர், வேர்ப்பரப்பில் விழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 20 முதல் 26 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்றார். அது மெல்லிய ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தின் அளவு. அதை மீறினால் குழாய் மூடிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மெல்லிய விசையில் இரண்டொரு நாளிலேயே எலும்பு கரையத் தொடங்கிவிடும். அதிக விசையில் ரோடு அடைபட்டதால், செல்கள் பக்கத்து எலும்பிலிருந்து சுற்றி வந்து, பின்புறமாகக் குடைந்து வர வேண்டும். அதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை பல் அசையாது. பிறகு திடீரென்று ஒரு தாவல். வலியும் அதிகம். வேரின் நுனி கரைந்து குட்டையாகிவிடும் ஆபத்தும் கூடுகிறது. 'இறுக்கி விட்டால் சீக்கிரம் முடியும்' என்பது எவ்வளவு தப்பு என்று இப்போது புரிகிறதா?

ஒரே கயிறு, இரண்டு முனை

இனிமேல்தான் சுவாரசியமே! கோரைப்பல்லைப் பின்னால் இழுக்க வேண்டும் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது? பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களைத்தான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் அதே விசை கடைவாய்ப்பல்லை முன்னுக்கு இழுக்கும். 7 மி.மீ. இடத்தைக் கடைவாய்ப்பல்லே முன்னால் வந்து அடைத்துவிட்டால், முன்பல் தள்ளியபடியே நிற்கும். பல் போனதுதான் மிச்சம்! எல்லாம் முடிந்தும் எத்துப்பல் அப்படியே இருப்பதைவிட ஏமாற்றம் ஒரு வீட்டுக்கு வேறு உண்டா?

ஆனால் இரண்டு முனையிலும் விசை ஒன்றானாலும் அழுத்தம் ஒன்றல்ல. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. கோரைப்பல்லுக்கு ஒரே வேர். முதல் கடைவாய்ப்பல்லையும் அதற்கு முன்னுள்ள பல்லையும் சேர்த்துக் கட்டினால், அவற்றின் வேர்ப்பரப்பு கோரைப்பல்லைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆக, மெல்லிய விசை கொடுத்தால் கோரைப்பல்லுக்கு அது சரியான அழுத்தம்; கடைவாய்ப் பற்களுக்கோ கொசுக்கடி. கோரைப்பல் நகரும், கடைவாய்ப்பல் பெரும்பாலும் நிற்கும்.

விசையை ஏற்றிப் பாருங்கள். கோரைப்பல்லின் ரோடு அடைபட்டு அது நின்றுவிடும். அதே விசை இப்போது கடைவாய்ப் பற்களுக்குச் சரியான அழுத்தமாகிவிடும். அவை கிளம்பி முன்னால் வந்துவிடும். எதை நகர்த்த நினைத்தோமோ அது நிற்கிறது, எது நிற்க வேண்டுமோ அது நகர்கிறது! 1952-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டோரி, ஸ்மித் என்ற இருவர் இதை அளந்தே காட்டினார்கள். கோரைப்பல் நன்றாக நகர்ந்தது 150 முதல் 200 கிராம் வரையில். அதற்கு மேல் போகப் போகக் கடைவாய்ப் பக்கம்தான் நகர்ந்தது. இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் 'தேவைக்கு மேல் இழுக்காதே' என்ற பாடம் மாறவில்லை.

பெக் செய்த புதுமை

ஆங்கிளிடம் 1924-25-இல் பாடம் கற்ற பெக், அடிலெய்டு திரும்பிச் சில ஆண்டுகளிலேயே பல் எடுத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் கரடுமுரடான உணவை மென்று மென்று பற்களின் அகலமே தேய்ந்து குறைந்திருப்பதைக் கண்டார். மென்மையான உணவு உண்ணும் நமக்கு அந்தத் தேய்மானம் இல்லாததால்தான் நெரிசல் என்பது 1954-இல் அவர் எழுதியது. இந்த விளக்கத்தைப் பிற்காலத்தவர் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் 1956-இல் அவர் வெளியிட்ட மெல்லிய கம்பி முறை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. பெக்குக்குத் தேவைப்பட்டது மெல்லியதாகவும், வளைத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பி வரக்கூடியதாகவும் ஒரு எஃகுக் கம்பி. அதைச் செய்து கொடுத்தவர் மருத்துவர் அல்ல; ஆர்தர் வில்காக் என்ற உலோகவியல் நிபுணர். இருவரும் 1940-களில் கை கோத்தார்கள். 0.016 அங்குலம், அதாவது 0.4 மி.மீ. விட்டமுள்ள அந்த உருண்டைக் கம்பிக்கு 'ஆஸ்திரேலியன் ஒயர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மெல்லிய கம்பியில் என்ன விசேஷம்? கான்டிலீவர் பீமின் விலகல் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விலகல், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்விகிதம். உருண்டைக் கம்பியாக இருந்தால் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 0.020 அங்குலக் கம்பியை 0.016 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைகிறது. நடுவில் ஒரு வளையம் போட்டு நீளத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு குறையும். விறைப்பான கம்பி, பல் கால் மில்லிமீட்டர் நகர்ந்ததுமே விசையை இழந்துவிடும். நெகிழ்வான கம்பி, பல் நகர நகரப் பின்னாலேயே வந்து மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். பரீட்சைக்கு மட்டும் என்று நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒரு பெண்ணின் சிரிப்பை அழகாக்குகிறது, பாருங்கள்!

அடுத்தது திருப்புத்திறன். விசையைப் பல்லின் வெளிப்பகுதியில்தான் கொடுக்க முடியும். பல்லின் தடை மையமோ வேருக்குள் இருக்கிறது. 100 கிராம் விசைக்கும் மையத்துக்கும் இடைவெளி 10 மி.மீ. என்றால் 1000 கிராம்-மி.மீ. திருப்புத்திறன் வரும், பல் நகராமல் சாயும். சாய்வதற்கு 35 முதல் 60 கிராம் போதும். சாயாமல் நேராக நகர 70 முதல் 120 கிராம் வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. பெக் இதையே சாதகமாக்கிக்கொண்டார். முதலில் 60 கிராம் அளவுள்ள ரப்பர் வளையத்தால் பல்லைச் சாயவிடு. இடம் மூடியபிறகு சின்ன ஸ்பிரிங் வைத்து வேரை நிமிர்த்து என்றார்.

இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பல ஆண்டுகள் பெக் முறை முக்கிய இடம் பெற்றிருந்தது. இன்று பிராக்கெட் வகைகள் மாறிவிட்டன. பல்லைச் சாய்க்காமல் கம்பியிலேயே வழுக்கிச் செல்ல விடுகிறார்கள். இதில் உராய்வு கொஞ்சம் விசையைத் தின்றுவிடும். அதற்கும் கணக்குப் போட்டுத்தான் விசை வைக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த நிக்கல் டைட்டானியம் கலவை 1970-களில் பல் துறைக்கு வந்தது. அதில் செய்த சுருள் ஸ்பிரிங், நீளம் குறைந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரே விசையைத் தருகிறது. ரப்பர் சங்கிலியோ முதல் நாளிலேயே ஏறக்குறையப் பாதி விசையை இழந்துவிடும். கடைவாய்ப்பல் நகரவே கூடாது என்றால், 2 மி.மீ.க்கும் குறைந்த விட்டமுள்ள டைட்டானியம் திருகாணியை எலும்பிலேயே பொருத்தி, அதைப் பிடித்து இழுக்கிறார்கள். பந்தல் கயிற்றை அடுத்த காலில் கட்டாமல் தரையில் முளை அடித்துக் கட்டுவது போல!

நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்

தங்கையின் டாக்டர் ஒவ்வொரு முறையும் பேனா அளவில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் தராசை வைத்து இழுவையை அளக்கிறார். அளந்துவிட்டு, 'இந்த மாசம் ஒண்ணும் மாத்த வேணாம், நல்லா நகருது' என்று அனுப்பிய நாளும் உண்டு. 'பஸ் செலவு பண்ணி வந்ததுக்கு ஒண்ணுமே பண்ணலையே' என்று அம்மா முணுமுணுத்தார். சும்மா விடுவதும் சிகிச்சைதான் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கிளிப் போட்டிருக்கும் நண்பர்களே! 'இன்னும் இறுக்குங்க' என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள். பல் எடுத்துச் செய்யும் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ரப்பர் மாட்டச் சொன்னால் சொன்ன நேரமெல்லாம் மாட்டுங்கள். இன்று கழற்றி வைத்துவிட்டு நாளைக்கு இரண்டாக மாட்டுவது, விளக்கம் மேலே சொன்னபடி, இரட்டை நஷ்டம். சாப்பிட்டதும் பல் துலக்குங்கள். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு சேர்ந்தால் சொத்தை வரும். சிகிச்சை முடிந்தபின் ரிட்டெய்னர் போடச் சொன்னால் மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் பல் பழைய வீட்டுக்குத் திரும்பப் பார்க்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. முன்பற்களுக்கு நடுவே உள்ள சந்தை மூடுகிறேன் என்று ரூபாய்க் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைத் தாங்களே மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! பல்லின் வடிவம் நுனியை நோக்கிக் குறுகுவதால், அந்த ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் வேர் வரை போய் எலும்பைத் தின்று, நல்ல பற்களே விழுந்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அளவு தெரியாத விசை எமன்!

முன்பெல்லாம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் நாம் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 1953-இல் தொடங்கிய கல்லூரி அது. இப்போது 2023 முதல் நம் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் சீரமைப்பு அந்தப் படிப்பில் ஒரு பாடம். தயக்கம் உள்ளவர்கள் முதலில் அங்கே போய்க் காட்டி, தேவையா இல்லையா, எவ்வளவு காலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒர்க்ஷாப்பில் போல்ட் இறுகாவிட்டால் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுக்கிற ஆட்கள் நாம். இரும்பு பொறுத்துக்கொள்ளும். உயிருள்ள எலும்புக்கு அதன் வேகம் ஒன்று உண்டு. அதற்கு நாம்தான் இசைந்து போக வேண்டும். அளவறிந்து இழுப்போம், பொறுத்திருப்போம். கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்போம்!